உங்களுக்குத் தெரியுமா? குழந்தைக்குச் செரிக்காத தாய்ப்பால் சர்க்கரை

தாய்ப்பாலில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக மிகுந்திருக்கும் திடப்பொருளை, அதைக் குடிக்கும் குழந்தையால் செரிக்க முடியாது.

● ஒலிகோசாக்கரைடுகள் எனப்படும் இவை, சில சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. இவை சிறுகுடலைச் சிதையாமல் கடந்து பெருங்குடலை அடைய, அங்கு வாழும் பிஃபிடோபாக்டீரியா என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் இவற்றை உண்டு அமிலங்களை வெளியிடுவதால், நோய்க்கிருமிகள் பெருகுவது கடினமாகிறது. தாய் ஊட்டுவது குழந்தைக்கு மட்டுமன்று.

● முதிர்ந்த தாய்ப்பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 முதல் 15 கிராம் வரை உள்ள இப்பொருள், பசும்பாலில் மிகச் சொற்பமே என்பதால், பசும்பாலை அடிப்படையாகக் கொண்ட குழந்தைப் பால்மாவில் நெடுங்காலம் இது இல்லாமலேயே இருந்தது.

● இவற்றுள் முதன்மையான 2'-ஃபுகோசில்லாக்டோஸ், மரபணு மாற்றப்பட்ட நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதித்தல் முறையில் தயாரிக்கப்பட்டு, 2016 முதல் அமெரிக்கச் சந்தையில் விற்கப்படும் சில பால்மாக்களில் சேர்க்கப்படுகிறது. எனினும், தாய்ப்பாலில் 150-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்க, டப்பாவில் இருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

● பால்மாவில் குறைவது இச்சர்க்கரைகள் மட்டுமன்று: பால்கொழுப்புத் துளிகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில், நரம்பிழைகளின் உறைக்குத் தேவையான ஸ்பிங்கோமையலின் உள்ளது. பால்மாவில் பால்கொழுப்பை நீக்கித் தாவர எண்ணெய் சேர்க்கும்போது இதில் பெரும்பகுதி இழக்கப்படுகிறது. வெண்ணெய் கடைகையிலும் இச்சவ்வின் பெரும்பகுதி மோரோடு போய்விடுகிறது.