இசையும் இரைச்சலும்

உடையார்கட்டில் ஒரு மரணவீட்டிலே பறை முழங்கினால், துயரச் செய்தி ஊரெங்கும் பரவிவிடும். ஆயினும் அப்பறையை இசையென்று அரங்கேற்றுவோர் சிலரே; இரைச்சலென்று ஒதுக்குவோர் பலர். இசையையும் இரைச்சலையும் பிரிப்பது செவி மட்டுந்தானா?

1981 இல் நியூயோர்க் நகரில் தோன்றிய சொனிக் யூத் என்னும் றொக் குழுவினர் இவ்வினாவைச் செயலில் எழுப்பினர். கிற்றார்த் தந்திகளை வழக்கத்துக்கு மாறாகச் சுருதி கூட்டினர். அவற்றினிடையே திருப்புளியைச் செருகியும் வாசித்தனர். சிறு அரங்குகளில் ஒலித்த அவ்விசை, 1988 இல் வெளிவந்த ‘டேட்ரீம் நேஷன்’ இசைத்தட்டினாற் புகழ்பெற்றது. பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதனைப் பேணத்தக்க ஒலிப்பதிவுகளுள் ஒன்றாக ஏற்றது. 2011 இல் குழு கலைந்தது.

அவர்கள் இரைச்சலைத் தாமே நாடிச் சென்றவர்கள். தம் இசையைப் பிறர் இரைச்சலென்று இகழக் கேட்டவர்களோ தமிழகத்தில் ஒரு குழுவாயினர். 2018 சனவரி 6 ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. சாதியற்றோர் கூட்டு என்பது அப்பெயரின் பொருள். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய அதில் 19 பேர் இருந்தனர். வடசென்னைச் சாவுவீடுகளிற் பாடப்பட்ட கானாவும் பறையும் கிற்றாரும் அங்கே ஒன்றுசேர்ந்தன. இடஒதுக்கீடும் அம்பேத்கரும் பாடுபொருளாயின.

அயோத்திதாச பண்டிதர் வழங்கிய ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்னும் கருத்தே குழுவின் பெயருக்கு மூலம். அப்பண்டிதர் 1898 இல் கொழும்புக்கு வந்து பௌத்தந் தழுவியவர். ஆண்களே பெரிதும் பாடிவந்த கானாவைப் பாடிய இசைவாணி, 2020 இல் பீ.பீ.சீ. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். குழுவின் மற்றொரு பாடகரான அறிவு, தீ என்னும் பாடகியுடன் 2021 இல் ‘என்ஜாய் எஞ்சாமி’யை வெளியிட்டார், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டியின் நினைவும் அப்பாடலில் உண்டு.

தமிழகத்துப் பறையின் தோலைத் தீயிற் காய்ச்சி விறைப்பேற்றுவதும், கிற்றார்த் தந்தியை முறுக்குவதும் ஒரேவகை அறிவின் செயல்களே. ஒன்றைக் கலையென்றும் மற்றதை இழிதொழிலென்றும் வகுத்தது செவியன்று, சாதியே. அந்த இழிவுக்கு அஞ்சியே ஈழத்து வடபுலத்திலும் பறையைக் கைவிட்டோர் உளர். கருவியைப் போற்றிவிட்டு, அதனை முழக்குபவரை முற்றத்திலேயே நிறுத்திவைப்பது போற்றுதலாகாது. அவருக்கு உள்ளே இருக்கை கொடுக்கும் நாளிலேதான் பறைக்கும் உரிய இடங் கிடைக்கும்.