கொல்கத்தாவிலிருந்து தீவுக்குத் தீவு

கொல்கத்தா கிதர்பூர் துறையிலிருந்து அந்தமானுக்குக் கப்பல் உண்டு. கடலில் மூன்று நான்கு நாள். விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரம். கப்பல் மாதத்துக்குச் சில தடவைதான். தேதி தெரிந்த பிறகு லீவு கேளுங்கள்!

இறங்குமிடம் போர்ட் பிளேர். 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அருகிலுள்ள ஹாவ்லாக், நீல் தீவுகளும் 2018-இலேயே ஸ்வராஜ் தீவு, ஷாகித் தீவு ஆகிவிட்டன. ஹாவ்லாக் பார்த்துவிட்டு நேராக நீலுக்குப் படகேறலாம், போர்ட் பிளேருக்குத் திரும்ப வேண்டியதில்லை. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அதனால் ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவைப் போர்ட் பிளேரிலேயே கழியுங்கள்.

இன்னொன்று. டிசம்பரில் அங்கே மாலை ஐந்து மணிவாக்கில் பொழுது சாய்ந்துவிடும். ஹாவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்க்க, மதியச் சாப்பாடு முடிந்ததுமே கிளம்பிவிடுங்கள்.