குழாய் நீரும் காரீயமும்

நம் இல்லங்களில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. கலப்பில்லாத வெள்ளீயத்தால் தீங்கில்லை. நீரில் கலந்தால் நஞ்சாவது காரீயம். இரண்டையும் 'ஈயம்' என்றே வழங்குவதால், 'குடிநீரில் ஈயம்' என்று கேட்டதும் ரசச் சொம்பை நினைத்துப் பலர் வாளாவிருந்து விடுகின்றனர். தமிழாசிரியர்களேனும் 'காரீயம்' என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் நலமாகும்.

நீரில் கரைந்த காரீயத்தைக் கண் காணாது, நாவும் அறியாது. காய்ச்சினாலும் அது போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் இந்நஞ்சில் 'இவ்வளவு வரை தீங்கில்லை' என வரையறுத்தல் இயலாது. எனினும் உலகச் சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என ஒரு வழிகாட்டு அளவை வைத்துள்ளது. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே மைக்ரோகிராம்.

இத்துணை நுண்ணிய அளவையும் காணக் கருவிகள் உண்டு. ஒவ்வோர் உலோகத்தின் அணுவும் தனக்குரிய ஒளியையே விழுங்கும். நீரை மிகு வெப்பத்தில் ஆவியாக்கி, அவ்வொளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி குறைந்தது என அளப்பது ஒரு முறை. 1950-களில் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் என்பார் இதனை உருவாக்கினார். ஆனால் நீரைப் பிடிக்கும் முறை தவறினால் எக்கருவியாலும் பயனில்லை.

ஹாங்காங்கில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. 2015-ஆம் ஆண்டு ஜூலையில், காய் சிங் என்னும் அரசுக் குடியிருப்பின் குழாய் நீரில் காரீயம் மிகுந்திருப்பது வெளிப்பட்டது. பின்னர் மொத்தம் 11 குடியிருப்புகளில் இதே நிலை காணப்பட்டது. செப்புக் குழாய்களை இணைக்கக் காரீயம் கலந்த பற்றாசைப் பயன்படுத்தியதே காரணம். அரசினர் சோதனைக்கு நீர் எடுத்தபோது, இரண்டு முதல் ஐந்து நிமிடம் குழாயை ஓடவிட்ட பின்னரே பிடித்தனர். 2016-இல் வெளியான விசாரணைக் குழு அறிக்கை இம்முறையைக் குறைகூறியது.

ஏன்? காரீயம் நீர்த்தேக்கத்திலிருந்து வருவது அரிது. இரவெல்லாம் குழாயில் அசையாது நிற்கும் நீரே, பற்றாசையும் பித்தளை உறுப்புகளையும் சிறிது சிறிதாக அரித்துக் காரீயத்தை ஏற்கிறது. ஓடவிட்டால் அந்நீர் கால்வாய்க்குப் போய்விடும். நல்ல நீரே புட்டியில் சேரும். விடியற்காலையில் தேநீருக்கு நீர் பிடிக்கும் தாய் பிடிப்பதோ அந்த முதல் நீரையன்றோ!

ஆகவே ஆறு மணி நேரமாவது குழாயைத் திறவாதிருந்து, முதலில் வரும் ஒரு லிட்டரைத் தூய பிளாஸ்டிக் புட்டியில் பிடித்தல் வேண்டும். சில நிமிடம் ஓடவிட்டு இரண்டாம் புட்டியை நிரப்பலாம். முதலாவதில் மட்டும் காரீயம் மிகுந்திருப்பின் குறை வீட்டுக் குழாயில் உள்ளது. இரண்டிலும் மிகுந்திருப்பின் அதற்கு அப்பால் தேடுதல் வேண்டும். உலோகம் புட்டியின் உட்புறத்தில் ஒட்டாதிருக்க ஆய்வகத்தார் நைட்ரிக் அமிலம் சேர்ப்பர். குழாய் வாயிலுள்ள சிறு வலையைக் கழற்றிவிட்டுப் பிடிப்பதும் கூடாது. அதில் தங்கும் துகளும் நாம் அன்றாடம் குடிக்கும் நீரில் கலப்பதே.