குழம்பில் வெளுக்கும் மீன் கண்!

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கிறது கிள்ளை. அங்குள்ள முடசல் ஓடையில் படகுகள் கரை சேர்ந்ததும், மீன் வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மீனின் கண்ணைத்தான். கண் பளிச்சென்று இருந்தால் மீன் புதிது.

அதே மீன் வீட்டில் குழம்பில் கொதித்ததும், கண்ணுக்குள்ளே சுண்ணாம்பு உருண்டை போல ஒரு வெள்ளை மணி தெரிகிறது. கண்ணாடி போல் இருந்த கண் எப்படி வெளுத்தது?

முட்டையும் கண்ணும்

அந்த மணிதான் கண்ணின் வில்லை. ஒளியைக் குவித்து உருவத்தைக் காட்டுவது அதுவே. தண்ணீர் போக அதில் இருப்பது பெரும்பாலும் புரதச் சத்து.

முட்டையின் வெள்ளைக் கருவும் புரதமே. பச்சையாக இருக்கும்போது தெளிவாக இருக்கிறது. வேக வைத்தால் வெளுத்துக் கட்டியாகிறது. சூட்டில் புரதத்தின் மடிப்புகள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். மீன் கண்ணிலும் இதுவே நடக்கிறது.

உடம்பின் மற்ற இடங்களில் பழைய புரதம் போய்ப் புதியது வரும். வில்லையின் நடுவில் அப்படி இல்லை. ஆரம்பத்தில் உண்டானதே கடைசி வரைக்கும். அப்படியானால் அது எப்படிக் கெடாமல் இருக்கிறது?

கண்ணுக்கு ஒரு காவல்காரன்

அங்கே ஒரு காவல்காரன் இருக்கிறான்! அவன் பெயர் ஆல்பா கிரிஸ்டலின். அதுவும் ஒரு புரதமே. அவிழத் தொடங்கும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றோடு ஒட்டாமல் தடுக்கிறது. இதை 1992-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹார்விட்ஸ் எடுத்துக்காட்டினார்.

பெரும்பாலான மீன்களுக்கு நம்மைப்போல் மாறாத உடல் சூடு கிடையாது. தண்ணீரின் சூடே அவற்றின் சூடு. கோடையில் கிள்ளைக் கழியின் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். பூமியின் தென்கோடியில் உள்ள அண்டார்டிக் கடலிலோ, பூஜ்யத்துக்கும் 2 டிகிரி கீழே! அங்கும் மீன் இருக்கிறது.

வெப்பநாட்டு மீனின் வில்லை 7 டிகிரிக்குக் குளிர்ந்தால் மங்கிவிடும். அண்டார்டிக் மீனின் வில்லையோ, பூஜ்யத்துக்கு 12 டிகிரி கீழே போயும் மங்கவில்லை. 2004-ல் வெளியான ஆய்வு கூறும் செய்தி இது.

2012-ல், குளிர்நீர் முதல் வெந்நீர் வரை வாழும் ஆறு வகை மீன்களின் காவல் புரதத்தை ஒப்பிட்டார்கள். வெதுவெதுப்பான நீரில் வாழும் மீனின் புரதம் அதிகச் சூட்டைத் தாங்கியது. காவல் புரதம் சுமார் 170 மணிகள் கோத்த மாலை போன்றது. நம் நாட்டு ஓடைகளில் வாழும் சின்னஞ்சிறு வரிக்குதிரை மீனின் மாலையில் ஒரே ஒரு மணியை மாற்றினார்கள். அந்தப் புரதத்தின் தன்மையே மாறிவிட்டது!

தாத்தா பாட்டி கண்ணில்

மனிதர் கண்ணிலும் இதே காவல்காரன் உண்டு. ஆனால் வயது ஏற ஏற அவன் பலம் குறைகிறது. அவிழ்ந்த புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. வில்லை மங்குகிறது. இதுவே கண்புரை.

காவல்காரனுக்குப் பலம் கூட்டி, புரையைக் கரைக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கும் சிகிச்சை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம்.

"வயதானால் கண் மங்கத்தானே செய்யும்" என்று பாட்டி மூலையில் உட்கார வேண்டாம். குழம்பில் வெளுத்த கண் மறுபடி தெளியாது. பாட்டிக்கோ பார்வை திரும்பக் கிடைக்க வழி உண்டு. வீட்டில் உள்ளவர்கள் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனால் போதும்.