"றக்பி விளையாடினா சம்பளம் கிடைக்குமா, சேர்?"

சென்ற தவணையில் ஒரு நாள், பாடசாலை விட்டபின் பந்துகளை எண்ணி அறைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் தரத்து மாணவர்கள் இருவர் வந்து நின்றார்கள். ஒருவன் ஹட்டன் நகரில் சிறு கடை வைத்திருப்பவரின் மகன். மற்றவன் டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் லயன் வீட்டுப் பிள்ளை. கண்டி விளையாட்டுக் கழகத்தின் போட்டியொன்றைக் கைபேசியில் பார்த்திருக்கிறார்கள். கடைக்காரர் மகன்தான் கேட்டான்: "றக்பி விளையாடினா சம்பளம் கிடைக்குமா, சேர்?"

"கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு அறையைப் பூட்டினேன். அடுத்த வாரம் அவனுடைய உம்மா பாடசாலைக்கே வந்துவிட்டார். "நீங்க சொன்னீங்களாம் சேர், படிக்காட்டியும் பரவாயில்ல, பந்தடிச்சா காசு வருமாம்." அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் உடற்கல்வி கற்பிக்கப் பயிற்றப்பட்டவன் ஒரே சொல்லில் பதில் சொன்னதும் தவறுதான். அந்த உம்மாவுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சம்பளக் கேள்வி. றக்பி விளையாட்டை இரண்டாகப் பிளந்ததே அதுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தின் யோர்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளில் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் றக்பி விளையாடினார்கள். சனிக்கிழமையும் அவர்களுக்கு வேலை நாள். போட்டிக்குப் போனால் அன்றைய கூலி வெட்டு. அந்த வெட்டுக்கூலியை மட்டுமாவது கழகம் கொடுக்கட்டும் என்று கேட்டார்கள். பணத்துக்கு விளையாடுவது கனவான்களுக்கு அழகல்ல என்று மேட்டுக்குடியினர் மறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஹோட்டல் ஒன்றில் வடபகுதிக் கழகங்கள் கூடிப் பிரிந்து போயின. இன்று 13 பேர் ஆடும் 'றக்பி லீக்' அப்படிப் பிறந்தது. 15 பேர் ஆடும் 'றக்பி யூனியன்' 1995 ஆகஸ்டில்தான் வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. ஒரு நாள் கூலிக்காக நூறு வருட இழுபறி.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரட்டுக்குப் பிந்தினால், கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அரை நாளை இழக்க முடிந்தவன் யார், முடியாதவன் யார் என்பதுதான் அங்கேயும் கேள்வி.

மலையகத்துக்கு வந்தது அந்தக் கனவான்களின் றக்பி. வெள்ளைக்காரத் துரைமார் டிம்புள்ள, டிக்கோயா, ஊவா என்று மாவட்டத்துக்கு மாவட்டம் கழகம் அமைத்து, கிளிபர்ட் கிண்ணத்துக்காகக் கண்டியுடனும் கொழும்புடனும் மோதினார்கள். ராதெல்ல மைதானத்தையும் தரவளை மைதானத்தையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தச் சரிவுகளுக்கு நடுவே அவ்வளவு சமதரை கிடைப்பது எத்தனை அரிது என்று. என் பாடசாலை மைதானத்தில் பந்தை ஓங்கி உதைத்தால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும்.

துரைமார் சம்பளமில்லாமல் விளையாடினார்கள் என்பது பாதி உண்மை. சுதந்திரத்துக்குப் பிறகு டிரினிட்டி, றோயல் போன்ற கல்லூரிகளில் றக்பி ஆடியவர்களுக்குச் சின்னத்துரை வேலை சுலபமாகக் கிடைத்தது என்பது இங்கே பலரும் சொல்லும் கதை. பந்துக்குக் காசு இல்லை. ஆனால் பந்தால் பங்களா கிடைத்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானதும் அந்தக் காலம் மங்கிவிட்டது.

இன்று இந்த வழி எங்கே தொடங்குகிறது? கழகத்தில் அல்ல, பாடசாலையில். கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியும் டிரினிட்டி கல்லூரியும் 1906இல் ஆடியதுதான் நாட்டின் முதலாவது பாடசாலை றக்பிப் போட்டி. அந்தக் கிங்ஸ்வூட்டிலிருந்து வந்தவர்தான் ஃபாசில் மரிஜா. கண்டி கழகத்துக்குப் பத்தாண்டுக்கு மேல் 10ஆம் இலக்க ஜேர்சியில் ஆடினார், இலங்கை அணிக்கும் தலைவரானார். அந்த இடத்தை 'ஃப்ளை ஹாஃப்' என்பார்கள். பந்து கைக்கு வந்த கணத்தில் உதைப்பதா, கடத்துவதா, ஓடுவதா என்று தீர்மானிப்பவர் அவர். நித்தவெல மைதானத்தில் அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தியவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். எங்கள் பையன்கள் அவரைக் காட்டித்தான் என்னிடம் வாதாடினார்கள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அவர் கிங்ஸ்வூட்டுக்குப் பதிலாக நம் பாடசாலையில் படித்திருந்தால்? இருவரும் பதில் சொல்லவில்லை. றக்பி ஆடும் பாடசாலைகளை எண்ணிப் பாருங்கள். கண்டியிலும் கொழும்பிலும் நெருக்கமாக இருக்கின்றன. கொழும்பு ஸாஹிராவும் அவற்றில் ஒன்று. ஹட்டன், நுவரெலியாவின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் பந்தும் இல்லை, பயிற்றுநரும் இல்லை. உடம்பில் குறை இல்லை. செங்குத்துப் படிகளில் தினமும் ஏறியிறங்கும் பிள்ளைகளின் கால்பலத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாடசாலையைத் தாண்டினால் முதல்தரக் கழகங்கள் எட்டு: கண்டி, சீ.ஆர்., சீ.எச்., ஹெவலொக், பிறகு இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ். முன்னைய நான்கில் பணம் பருவத்துக்குப் பேசித் தரப்படுவது. அனுசரணையாளர் இருந்தால் உண்டு. பின்னைய நான்கில் நிரந்தர உத்தியோகம் உண்டு, ஓய்வூதியமும் உண்டு. ஆனால் சீருடை அணிய வேண்டும். அதனால்தான் நம் நாட்டு வீரர்கள் பலர் வேலை ஒன்றை வைத்துக்கொண்டே ஆடுகிறார்கள். 19 வயதில் பாடசாலை முடிகிறது, முப்பதைத் தாண்டினால் உடம்பு கணக்குக் கேட்கிறது. இடையில் உள்ளதுதான் மொத்தத் தொழிற்காலம்.

அந்தக் காலமும் வீரனின் கையில் மட்டும் இல்லை. 2023இல் அரசியல் தலையீட்டைக் காரணம் காட்டி இலங்கை றக்பியை உலக றக்பி அமைப்பு இடைநிறுத்தியது. தப்புச் செய்தவர் யாரோ, தவித்தவர்கள் ஆடுபவர்கள். காயத்தின் கதை இன்னும் கொடியது. 2003இல் இங்கிலாந்து உலகக் கிண்ணம் வென்றபோது முன்வரிசையில் ஆடியவர் ஸ்டீவ் தொம்சன். நாற்பது வயதைத் தாண்டியதும் அவருக்கு மறதிநோய் இருப்பது கண்டறியப்பட்டது. கிண்ணம் வென்றதே நினைவில் இல்லை என்றார். தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடிதான் காரணம் என்று அவரும் வேறு வீரர்களும் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். ஆகவே தலையில் அடிபட்ட பிள்ளை அன்று மீண்டும் மைதானத்துக்குள் இறங்கக் கூடாது. எந்தக் கிண்ணமாக இருந்தாலும் சரி.

உம்மா குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டார்: "அந்த வசீம் தாஜுதீன் பிள்ளையும் இந்த விளையாட்டுத்தானே?" ஆம், ஹெவலொக் கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆடியவர். 2012 மே 17ஆம் திகதி இறந்தார். விபத்து என்றார்கள். 2015இல் ஜனாஸாவைத் தோண்டியெடுத்துப் பரிசோதித்த பிறகு அது கொலை விசாரணையானது. அது விளையாட்டால் வந்ததல்ல என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அந்தத் தாயிடம் பேச எனக்கு வாய் வரவில்லை.

தொழுகை, ஹலால் பற்றி அவருக்கிருந்த தயக்கத்துக்குச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். நியூசிலாந்தின் சொனி பில் வில்லியம்ஸ் இஸ்லாத்தைத் தழுவியவர். 2011, 2015 உலகக் கிண்ணங்களை வென்ற அணிகளில் இருந்தவர். கூலிக்காகப் பிரிந்து போன அந்த லீக் றக்பியில்தான் அவர் தொழிலைத் தொடங்கினார். 2017இல் தன் ஜேர்சிக் கழுத்துப்பட்டியிலிருந்த வங்கிச் சின்னத்தை ஒட்டுநாடாவால் மறைத்துக்கொண்டு ஆடினார். வட்டி என்பதால். பிறகு வங்கி, மதுபான, சூதாட்ட நிறுவனங்களின் சின்னங்களை அணியாமலிருக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பதால் கிடைத்தது என்பதையும் மறைக்கக் கூடாது. இருபது வயதுப் புதுமுகம் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

கடைசியில் உம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான். சாதாரண தரம் முடியட்டும். கண்டியில் உயர்தரத்துக்கு இடம் கிடைக்குமா என்று நான் விசாரித்துச் சொல்கிறேன். அதுவரை சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் என்னிடம் அனுப்புங்கள், மோதிச் சாய்க்காமல் கையால் தொட்டு ஆடும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அவர் தலையசைத்தார். கடையைச் சனிக்கிழமை காலையில் வாப்பா பார்த்துக்கொள்வாராம். மற்றப் பையனிடம் கேட்டேன். சனிக்கிழமைகளில் அம்மா கொழுந்துக்குப் போவதால் தங்கச்சியை அவன்தான் பார்க்க வேண்டுமாம். "தங்கச்சியையும் கூட்டிட்டு வரலாமா சேர்?" என்றான். வரச் சொல்லியிருக்கிறேன்.