துரு உள்ளேயிருந்து வருகிறது

பிரிட்டனில் மாஸ்டா நிறுவனம் போங்கோ ஃப்ரெண்டி வேனை ஒருநாளும் விற்றதில்லை. ஆனால் கோடை பிறந்துவிட்டால் கார்ன்வால் கடற்கரை தொடங்கி ஸ்காட்லாந்து மலைச்சாலை வரை அந்த வேனைப் பார்க்கலாம். 1995 முதல் பத்தாண்டு காலம் ஜப்பானில், ஜப்பானியக் குடும்பங்களை மனதில் வைத்துச் செய்த வண்டி அது. ஃபோர்டு ஃப்ரெடா என்ற பெயரிலும் அதே வண்டி அங்கே விற்பனையானது. எட்டுப் பேர் உட்காரலாம். பல வண்டிகளில் பொத்தானை அழுத்தினால் கூரை எழும்பி, மேலே இரண்டு பேர் படுக்க இடம் கிடைக்கும். ஜப்பானிலும் பிரிட்டனிலும் வண்டிகள் ஓடுவது சாலையின் இடப்பக்கம். அதனால் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டாம். தள்ளுகதவும் நடைபாதைப் பக்கமே திறக்கும். ஸ்பீடோமீட்டரை மைல் கணக்குக்கு மாற்றி, பின்னால் ஒரு மூடுபனி விளக்கைப் பொருத்தி, பழைய வண்டிகளாகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். வாங்கியவர்கள் உள்ளே அடுப்பும் அலமாரியும் மடக்குக் கட்டிலும் வைத்து கேம்பராக மாற்றிக்கொண்டார்கள்.

அவற்றில் மிக இளைய வண்டிக்கே இன்று இருபது வயதாகிறது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பழைய வண்டிகளைக் கழற்றிப் பாகம் எடுத்துவிடலாம். உடம்புத் தகடு அப்படியல்ல. எந்த ஷோரூமும் விற்காத வண்டிக்கு எந்த ஷோரூமிலும் கதவோ மட்கார்டோ இருப்பு இருக்காது. உடைக்கப்படும் இன்னொரு போங்கோவிலிருந்து பின்பக்கத் தகட்டை வெட்டி எடுக்கலாம் என்றால், அதுவும் அதே இடத்தில்தான் துருப்பிடித்திருக்கும். ஆகவே இந்த வண்டிகளின் ஆயுளைத் தீர்மானிப்பது டிங்கரிங் வேலை. அந்த வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

முதலில், ஏன் இவ்வளவு துரு? பிரிட்டனில் குளிர்காலம் வந்ததும் சாலை உறையாமலிருக்க உப்பைத் தூவுவார்கள். செஷயரில் வின்ஸ்ஃபோர்டு என்ற ஊருக்கு அடியில் 1844 இல் தொடங்கிய பாறை உப்புச் சுரங்கம் இன்றும் அந்த உப்பைத் தருகிறது. உருகிய பனியில் கரைந்த உப்பு சக்கரத்தோடு சுழன்று, வண்டியின் அடிவயிற்றில் அடிக்கும். ஐரோப்பாவுக்கென்று செய்த வண்டிகளுக்கு அடிப்பாகத்திலும் தகடுகளுக்கு இடையிலும் மெழுகுப் பூச்சு தாராளமாக இருக்கும். ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்தவற்றுக்கு அந்த அளவுக்குக் கிடையாது. ஜப்பானில் பத்து வருடம் ஓடித் துருவே இல்லாமல் வந்த வண்டி, பிரிட்டனின் சில குளிர்காலங்களிலேயே பின்சக்கர வளைவில் கொப்புளம் போடுவது இதனால்தான்.

அந்தச் சக்கர வளைவின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். வெளியே நாம் பார்ப்பது ஒரு தகடு. உள்ளே சக்கரத்தை மூடியிருப்பது இன்னொரு தகடு. இரண்டும் வளைவின் ஓரத்தில் ஒன்றோடொன்று மடிந்து சேர்கின்றன. சக்கரம் வாரி அடிக்கும் சேறு அந்த மடிப்பின் மேல் உட்கார்ந்து, உப்பு நீரை மாதக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். எனவே மடிப்பைப் பிளந்துகொண்டு மேலும் நீருக்கு வழி விடும். வெளித்தகட்டின் பெயின்டில் ஒரு சிறு கொப்புளம் தெரிகிற நாளில் உள்தகடு பெரும்பாலும் சல்லடையாகியிருக்கும். கடைசிக் கட்டம்தான் நம் கண்ணுக்கு முதலில் தெரிகிறது.

இந்த இடத்தில் ஓர் எளிய வழி எல்லோருக்கும் தோன்றும். கொப்புளத்தைச் சுரண்டி, துருவைக் கறுப்பாக்கும் திரவத்தைத் தடவி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பெயின்ட் அடித்துவிடுவது. வார இறுதியில் முடிந்துவிடும். படம் எடுத்தால் அழகாகவும் இருக்கும். அந்தத் திரவங்களில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ தொட்ட இடத்துத் துருவை மட்டும்தான் மாற்றும், மடிப்புக்குள் எட்டாது. பட்டியோ ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கம் ஓட்டையாக இருந்தால் ஈரம் அந்த வழியே பட்டிக்குள் ஏறி, அடுத்த குளிர்காலத்துக்குள் முழுத் துண்டாகப் பெயர்த்துத் தள்ளிவிடும். துரு மேல் பட்டி பார்ப்பது வேலையே அல்ல என்பது என் உறுதியான கருத்து. அது அடுத்து வாங்குபவரின் பணத்தை எடுப்பதற்குச் சமம்.

முறையான வேலை உள்ளே இருக்கும் சாமான்களை இறக்குவதில் தொடங்குகிறது. கேம்பராக மாற்றிய போங்கோவில் இது சின்ன விஷயமல்ல. தள்ளுகதவு இடப்பக்கம் என்பதால் அடுப்பும் தொட்டியும் அலமாரியும் பெரும்பாலும் வலப்பக்கச் சுவரோடு இருக்கும். வலது சக்கர வளைவை அடைய அத்தனையும் கழற்ற வேண்டும். கேஸ் சிலிண்டர் வண்டியிலும் இருக்கக் கூடாது, பட்டறைக்குள்ளும் இருக்கக் கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். சுவருக்குள் குளிருக்காகத் திணித்த கம்பளிப் பஞ்சு ஈரமாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதுவும் துருவுக்கு ஒரு காரணம். சிலர் தகடுகளுக்கு இடையே பொங்கும் ஃபோமைப் பீய்ச்சி விட்டிருப்பார்கள். அதைக் கடைசித் துணுக்கு வரை சுரண்டி எடுக்காமல் வெல்டிங்கைப் பற்ற வைக்கவே கூடாது. எரிந்தால் அதன் புகை கொடிய நஞ்சு.

பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரும் சின்னச் சுத்தியலும் போதும். தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். செத்த தகடு மந்தமாக ஒலிக்கும். குத்திப் பார்த்து உள்ளே போகிற இடமெல்லாம் வெட்டுக்கு உரியது. எங்கே நிறுத்துவது? இரண்டு பக்கமும் வெள்ளையாக மின்னும் தகடு வரும் வரை வெட்ட வேண்டும். உள்ளங்கை அகலக் கொப்புளத்துக்கு ஒரு முழ நீளம் வெட்ட நேர்ந்தால் மனம் பதறும். ஆனால் மெலிந்த தகட்டின் மேல் வெல்டிங் வைத்தால் ஓட்டை பெரிதாகுமே தவிர ஒட்டாது. வெட்டுக்குத் துணியாதவர்களின் வேலைதான் இரண்டு வருடத்தில் திரும்பி வருகிறது.

உள்தகட்டை முதலில் கட்ட வேண்டும், வெளித்தகட்டைப் பிறகு. அட்டையில் மாதிரி வெட்டி, அதை ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் வைத்து வெட்டி, சுத்தியலால் வளைத்துப் பொருத்துவார்கள். வெளிவளைவுக்குச் சிறு பட்டறைகள் செய்து விற்கும் தயார்த் தகடு கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். வெல்டிங்கை ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு அலை அலையாக நெளிந்துவிடும். இங்கொரு புள்ளி, எதிர்முனையில் ஒரு புள்ளி, ஆற விட்டு அடுத்த புள்ளி என்று பொறுமையாக வைத்து, கடைசியில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர வேண்டும். தகட்டின் மேல் தகட்டை ஏற்றி ஒட்டுவது சுலபம். ஆனால் அந்த இடுக்கு மறுபடியும் நீர் தேங்கும் மடிப்பாகிவிடும். வெளிப்பக்கத்தில் விளிம்போடு விளிம்பு சேர்ப்பதே நல்லது. துத்தநாகம் பூசிய தகடானால் பூச்சைத் தேய்த்துவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்க்காய்ச்சல் வரும்.

சட்டமும் இங்கே நுழைகிறது. பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனை உண்டு. சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக் ஆகியவை உடம்போடு பிணையும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு வலுவிழக்கும்படி அரித்திருந்தால் வண்டி தோற்றுவிடும். அந்த எல்லைக்குள் பட்டியும் ஃபைபரும் பசையும் செல்லாது. உரிய முறையில் வெல்டிங் செய்த இரும்புத் தகடுதான் செல்லும். போங்கோவின் பின்சக்கர வளைவும், கதவுக்குக் கீழே ஓடும் சில் எனப்படும் பெட்டிச் சட்டமும் இந்த எல்லையை அடிக்கடி தொடுகின்றன. எனவே சக்கர வளைவு அழகுப் பிரச்சினை என்று நினைத்துத் தள்ளிப்போட முடியாது.

இடிபட்ட வண்டியின் கதை வேறு. அங்கே துருவின் பொறுமை இல்லை. ஒரு நொடியில் நடந்ததைப் பின்னோக்கி எடுக்க வேண்டும். எந்த வரிசையில் தகடு நசுங்கியதோ அதற்கு நேர்மாறான வரிசையில் இழுக்க வேண்டும் என்பது டிங்கரிங்கின் பழைய விதி. கடைசியாக நெளிந்தது முதலில் நிமிர வேண்டும். தள்ளுகதவுப் பக்கம் அடி வாங்கியிருந்தால் கதவின் பள்ளத்தை நிமிர்த்தும் முன் கதவு ஓடும் தண்டவாளத்தையும் வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்க வேண்டும். வாசல் கோணியிருந்தால் கதவை எவ்வளவு அழகாக்கினாலும் மூடாது, மழைநீரையும் தடுக்காது. சுத்தியலை வெளியிலும், பின்னால் அணைப்பு இரும்பையும் வைத்துத் தட்டித் தட்டித் தகட்டை அதன் இடத்துக்குக் கொண்டுவந்த பின், மிஞ்சிய சிறு மேடுபள்ளத்துக்குத்தான் பட்டி. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி தேவைப்பட்டால் தகட்டு வேலை முடியவில்லை என்று பொருள்.

இன்சூரன்ஸ் இந்த வண்டிகளுக்கு இடியைவிடப் பெரிய அபாயம். வண்டியின் சந்தை விலையோடு பழுதுச் செலவை ஒப்பிட்டு, கட்டுப்படியாகாது என்றால் நிறுவனம் பணத்தைக் கொடுத்து வண்டியைக் கழித்துவிடும். கதவும் பக்கத் தகடும் நசுங்கியதற்கே நல்ல இன்ஜினும் எழும்பும் கூரையும் உள்ள வண்டி கழிக்கப்படலாம். 2017 அக்டோபர் முதல் இப்படிக் கழிக்கும் வண்டிகளில் பழுது பார்க்கக்கூடியவற்றை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: எலும்புக்கூடு பாதிக்கப்பட்டது ‘எஸ்’, பாதிக்கப்படாதது ‘என்’. இரண்டையும் சரிசெய்து சாலைக்குக் கொண்டுவரலாம். ஆனால் முத்திரை வண்டியோடு நிலைத்துவிடும், விலையும் குறையும். இதற்கு ஒரே தற்காப்பு, பாலிசி எடுக்கும்போதே வண்டியின் மதிப்பைப் படங்களோடும் ரசீதுகளோடும் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்வது. அந்த வசதி தரும் நிறுவனங்கள் உண்டு. பழைய கேம்பர் வைத்திருப்பவர்கள் சாதாரணக் கார் பாலிசியோடு நிற்பது எனக்குக் கவலை தருகிறது.

பெயின்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வண்டியின் அடையாளத் தகட்டில் நிற எண் இருக்கும். ஆனால் வெயிலில் இருபது வருடம் வெளிறிய நிறம் அந்த எண்ணோடு ஒத்துப்போகாது. அடுத்த தகடு வரைக்கும் நிறத்தைக் கரைத்துக் கொண்டுபோகத் தெரிந்தவர் அடிக்க வேண்டும். போங்கோக்களில் பல, மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம் என்று வந்தவை. சக்கர வளைவு வேலைக்கு அந்த நிறக்கோடு பெரிய உதவி. பெயின்டை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வீட்டுக் கொட்டகையில் தாங்களே அடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கடினமாக்கி கலந்த இரட்டைப் பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது. தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் அது ஒன்று. வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகக்கவசம் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. துணி முகமூடி அதைத் தடுக்காது.

பெயின்ட் காய்ந்ததும் வேலை முடிந்ததாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உண்மையில் வண்டியைக் காப்பாற்றும் வேலை அதன் பிறகுதான். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பூச்சு எரிந்து தகடு நிர்வாணமாக நிற்கும். நீள மூக்குள்ள குழாயால் சக்கர வளைவுக்குள்ளும் சில் பெட்டிக்குள்ளும் மெழுகைப் பீய்ச்ச வேண்டும். பெயின்டுக்கு முன் இதைச் செய்தால் மெழுகு பட்ட இடத்தில் பெயின்ட் கண் கண்ணாக விலகிவிடும், அதனால்தான் கடைசியில். சில்லின் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரமான அடிப்பாகத்தில் கெட்டியான தார்ப்பூச்சைப் பூசி விற்கும் இறக்குமதியாளர்களும் உண்டு. கறுப்பாகப் புதிதாக மின்னும் அடிப்பாகத்தைக் கண்டால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். அந்தப் பூச்சின் பின்னால் ஈரம் சிறைப்பட்டிருந்தால் துருவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு ஆவணங்கள் கைகொடுக்கும். ஒன்று, ஜப்பானிய ஏலத்தாள். வண்டியின் படத்தின் மேல் சிறு எழுத்துகள் குறித்திருப்பார்கள்: ஏ என்றால் கீறல், யு என்றால் பள்ளம், டபிள்யு என்றால் பழுது பார்த்த அலை, எஸ் என்றால் துரு, சி என்றால் அரிப்பு, இரண்டு எக்ஸ் என்றால் மாற்றிய தகடு. தர எண்ணுக்குப் பதில் ஆர் என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. இலங்கைக்கு வரும் பழைய ஜப்பானிய வேன்களுக்கும் இதே தாள்தான். அங்கே இருப்பவர்களும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். இன்னொன்று, பிரிட்டனில் ஓடிய வண்டியின் எம்.ஓ.டி. வரலாறு. பதிவு எண்ணைக் கொடுத்தால் அரசு இலவசமாகக் காட்டுகிறது. “பின்சக்கர வளைவில் அரிப்பு” என்று முந்தைய ஆண்டுகளில் எச்சரித்திருந்து, பிறகு திடீரென்று அந்தக் குறிப்பு காணாமல் போயிருந்தால், என்ன வேலை, யார் செய்தது என்று கேளுங்கள். ரசீது வேண்டும்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தகடு வெட்டுவதிலிருந்து மெழுகு அடிப்பது வரை ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். நல்ல டிங்கர் மறுக்க மாட்டார். அந்தப் படங்கள் இன்சூரன்ஸுக்கு ஆகும், எம்.ஓ.டி. சோதனையாளருக்கும் ஆகும். வண்டியை விற்கும் நாளில் அவற்றைச் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.