எம்டன் வந்த செவ்வாய்க்கிழமை

என் ஆயாவுக்குப் பிறந்த தேதி தெரியாது. ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது, "எம்டன் குண்டு போட்ட புரட்டாசி. பௌர்ணமி கழிஞ்சு நாலாம் நாள், விடியக்காலம்" என்று சொன்னாள். வந்தவர் சின்ன வயசுக்காரர். 1920 என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். கடைசிவரை காகிதத்தில் ஆயாவுக்கு ஆறு வயது குறைவுதான்.

அவள் கடப்பாக்கத்தில் பிறந்ததே அந்த எம்டன் கப்பலால்தான். அவளுடைய அப்பா சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். குண்டு விழுந்த மூன்றாம் நாள், நிறைமாதமாக இருந்த மனைவியைப் படகில் ஏற்றி இங்கே அவளுடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை கிடையாது. அடையாற்றிலிருந்து மரக்காணம் வரை பக்கிங்காம் கால்வாய் இருந்தது. எங்கள் பக்கத்து உப்பும் விறகும் அதன் வழியாகத்தான் பட்டணம் போகும். காற்று வாகாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுப்பார்கள். விறகு இறக்கிவிட்டுத் திரும்பிய வெறும் படகில் சாக்கைப் போட்டு என் கொள்ளுப்பாட்டியைப் படுக்கவைத்தார்களாம்.

மதுராந்தகம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் இருபத்திரண்டு வருஷம் ஆபரேட்டர். போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒரே நேரத்தில் ஐந்தாறு ஊர் பேசிக்கொண்டிருக்கும். ஒரு லைனில் சாவுச் செய்தி, பக்கத்து லைனில் நெல் விலை. அவருக்கு இவர் இருப்பதே தெரியாது. இரண்டையும் இணைத்த எனக்கு மட்டும் தெரியும். ஆயாவின் கப்பலைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, அந்தப் பழக்கத்தில் முதலில் தோன்றியது இதுதான்: 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை, மற்ற லைன்களில் என்ன நடந்துகொண்டிருந்தது?

நம் கடிகாரத்தை வைத்தே சொல்கிறேன்.

சென்னையில் நவராத்திரி தொடங்கி மூன்றாம் நாள். இங்கே வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவின் வட கடலில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. ஹாலந்துக் கரையை ஒட்டி மூன்று பழைய ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் வரிசையாக வந்தன: அபுகிர், ஹோக், கிரெஸி. யு-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி முதலில் அபுகிரை அடித்தது. கண்ணிவெடியில் மோதிவிட்டது என்று நினைத்து மற்ற இரண்டும் நின்றன. தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கப் படகுகளை இறக்கின. நின்றதால் அவையும் அடிபட்டன. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மூன்றுமே கடலுக்கடியில் போய்விட்டன. இறந்தவர்கள் 1,459 பேர். பலர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவர்கள், போர் வந்ததும் மறுபடி அழைக்கப்பட்டவர்கள். கடற்படைப் பள்ளியிலிருந்து வந்த பதினைந்து வயதுப் பையன்களும் இருந்தார்கள். அவர்களை இத்தனை நேரம் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றால், அவர்கள் காப்பாற்ற நின்றதால் செத்தவர்கள் என்பதுதான் காரணம்.

அதே நாள் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலிருந்து நான்கு ஆங்கிலேய விமானங்கள் ஜெர்மனிக்குள் பறந்தன. செப்பலின் ஆகாயக் கப்பல்களின் கொட்டகைகளை அழிப்பது திட்டம். மூடுபனியில் ஒன்றே ஒன்றுதான் டுசல்டோர்ஃபைக் கண்டுபிடித்தது. அது போட்ட குண்டுகளால் பெரிய சேதமில்லை. ஜெர்மன் மண்மேல் ஆங்கிலேயர் நடத்திய முதல் விமானத் தாக்குதல் அது. பிரான்ஸில் வெர்டனுக்குத் தெற்கே ஒரு காட்டோரம் ஆலன் ஃபூர்னியே என்ற இளம் எழுத்தாளர் தம் ஆட்களோடு சுடப்பட்டு விழுந்தார். முதல் நாவல் வெளிவந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவருடைய எலும்புகள் கிடைத்தது 1991இல். மத்தியதரைக் கடலில் நம் சிப்பாய்களை ஏற்றிய கப்பல்கள் பிரான்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. நான்கு நாள் கழித்து, 26ஆம் தேதி, மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். சீனாவில் ஜெர்மனியர் வைத்திருந்த சிங்டாவ் துறைமுகத்தை ஜப்பானியர் நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த சிங்டாவிலிருந்து கிளம்பிய கப்பல்தான் எம்டன்.

பத்து பீரங்கி, முந்நூற்றைம்பது பேருக்கு மேல் ஆட்கள், கார்ல் ஃபோன் முல்லர் என்ற கேப்டன். மூன்று புகைபோக்கி உள்ள கப்பலுக்கு நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டி ஆங்கிலேயக் கப்பல் போலக் காட்டினார்கள். செப்டம்பர் 10இலிருந்தே வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்துக்கொண்டிருந்தது. அப்படியும் அந்தச் செவ்வாய் இரவு சென்னைத் துறைமுகத்தில் விளக்கணைக்கவில்லை. அந்நாளில் சென்னையின் கலங்கரை விளக்கம் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் இருந்தது; அதுவும் எரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் பிறை எப்போதோ மறைந்துவிட்ட இருட்டு. வெளிச்சம் கரையில், இருட்டு கடலில். குறி வைக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

இரவு ஒன்பதரை மணி வாக்கில், கரைக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நின்று, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டார்கள். சுமார் 125 குண்டுகள். இரண்டு தொட்டி தீப்பிடித்தது. துறைமுகத்தில் நின்ற சப்ரா என்ற சரக்குக் கப்பல் அடிபட்டது. ஒரு குண்டு உயர் நீதிமன்ற மதிலில் விழுந்தது. அந்த இடத்தில் இன்றும் கல் பதித்திருக்கிறார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் திருப்பிச் சுட்டன, ஒன்றும் படவில்லை. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து எம்டன் இருட்டில் கலந்துவிட்டது. பிறகு அது போனது தெற்கே, இலங்கைப் பக்கம். எங்கள் கடலைத் தாண்டித்தான் போயிருக்கவேண்டும். குப்பத்தில் யாரும் பார்த்ததாக ஆயா சொன்னதில்லை.

குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். நான் படித்தவற்றிலெல்லாம் முல்லரின் பெயர் இருக்கிறது, கப்பல்களின் பெயர் இருக்கிறது, தொட்டிக்குச் சொந்தக்காரக் கம்பெனியின் பெயர்கூட இருக்கிறது. அந்த ஐந்து பேர் வெறும் ஐந்து பேராகவே இருக்கிறார்கள். என் கொள்ளுத்தாத்தா அன்று ராத்திரி துறைமுகத்துக்குள் இருந்திருந்தால் ஆறாக இருந்திருக்கும். அந்த வாரம் முறை மாறியதால் வீட்டில் இருந்தார்.

சென்னை எரிந்துகொண்டிருந்தபோதே, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், பூமியின் மறுபக்கத்தில் பொழுது விடிந்தது. பசிபிக் கடலில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட டஹிட்டித் தீவின் பப்பீட்டே ஊர். அங்கேயும் செப்டம்பர் 22, காலை. ஷார்ன்ஹார்ஸ்ட், நைசனவ் என்ற இரண்டு பெரிய ஜெர்மன் கப்பல்கள் வந்து ஊரைச் சுட்டன. அவர்களுக்குத் தேவை நிலக்கரி. கிடைக்கக்கூடாது என்று பிரெஞ்சுத் தளபதி குவியலுக்கே தீ வைத்துவிட்டார். ஊரின் சந்தை தரைமட்டமானது.

இதைப் படித்தபோது பக்கத்தை மூடிவைத்துவிட்டேன். அந்த இரண்டு கப்பலும் எம்டனும் ஒரே படையைச் சேர்ந்தவை, அட்மிரல் ஸ்பீயின் கிழக்காசியப் படை. ஆகஸ்ட் மாதம் பசிபிக்கில் பகான் என்ற தீவில் கூடி நின்று, எம்டனை மட்டும் தனியாக இந்தியக் கடலுக்கு அனுப்பிவிட்டு மற்றவை கிழக்கே போயின. ஆறு வாரத்தில் ஒரே வீட்டிலிருந்து பிரிந்தவை, ஒரே நாளில் இரண்டு ஊரைச் சுட்டிருக்கின்றன. பேசிவைத்துக்கொண்டு செய்ததல்ல. ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாது. பீச் ரோட்டில் மூட்டையோடு ஓடியவருக்கும் பப்பீட்டேயில் மலைப்பக்கம் ஓடியவருக்கும் தெரியவே தெரியாது.

சென்னையிலிருந்து அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ரயிலேறினார்கள். முல்லர் விரும்பியது அதைத்தான். எண்ணெயைவிட ஆங்கிலேயர் மேலிருந்த நம்பிக்கையை எரிப்பதே அவருக்கு முக்கியம். நம் மொழியில் அந்தக் கப்பல் ஆளாகவே மாறிவிட்டது. கெட்டிக்காரனை, கண்டிப்பானவனை, "அவன் சரியான எம்டன்" என்கிறோம். விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். அவர் அந்தச் சமயம் ஐரோப்பாவில் இருந்தார். ஆங்கிலேயனை அடித்த கப்பலில் நம்மவர் ஒருவர் இருக்கவேண்டும் என்று ஜனங்கள் ஆசைப்பட்டதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அதனால் அது உண்மையாகிவிடாது.

எம்டனின் கதையை முடித்தது என் தொழிலைச் செய்தவர்கள். நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை உடைக்க ஐம்பது பேரைக் கரையில் இறக்கினார் முல்லர். அவர்கள் வந்து கருவிகளை நொறுக்குவதற்குள், சந்தேகத்துக்கிடமான கப்பல் வந்திருக்கிறது என்று ஆபரேட்டர்கள் கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பிவிட்டார்கள். அருகில் போய்க்கொண்டிருந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் திரும்பி வந்தது. எம்டனில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆயுதம் வைத்தவர்கள் வாசலில் நிற்கும்போது கை நடுங்காமல் சாவியைத் தட்டியிருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்சில் இடி விழுந்த ராத்திரிகளில் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவள் நான். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊருக்கு உலகச் சண்டை புதிதல்ல. ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்திலிருந்து வண்டி வண்டியாக வருகிறார்கள். பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த அந்தக் கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். அந்த வருஷம் ஜனவரி 22இல்தான் வந்தவாசிச் சண்டை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் கடலிலும் அதே இரண்டு பேர் அடித்துக்கொண்ட ஏழாண்டுப் போரின் ஒரு மூலை எங்கள் உப்பங்கழி. சின்ன வயதில் அந்தச் செங்கல்மேல்தான் ஏறி விளையாடினோம். அது யாருடைய சண்டை என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

ஆயா போன பிறகு ஒரு நாள் 1914ஆம் வருஷத்துக் கணக்கைப் பார்த்தேன். ஆனந்த வருஷம், புரட்டாசி. பௌர்ணமி அக்டோபர் 4. கழிந்து நாலாம் நாள் என்றால் 8, வியாழக்கிழமை. சென்னையில் குண்டு விழுந்து பதினாறு நாள். சுவரில் இருந்த ஆயாவின் படத்தை இறக்கி, பின்பக்கத்து அட்டையில் அந்தத் தேதியை எழுதினேன்.